வீட்டுக்குள் வளரும் பூனைக்குட்டி: குடல் அடைப்பும் நம் பொறுப்பும்



பூனையும் நம் வீடுகளும் ஒன்றுக்கொன்று பழகியவை. முன்பெல்லாம் பல்லாவரம், பம்மல், தாம்பரம் பக்கம் ஓட்டு வீடுகளில் பூனை தன் விருப்பப்படி வந்து போகும். பசித்தால் வீட்டுக்கு வரும். வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் கொல்லைப்புறத்தில் எலியோ பல்லியோ பிடித்துக்கொள்ளும். இப்போது அதே இடங்களில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கொண்டுவரும் குட்டியை, வண்டியில் அடிபட்டுவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தி உள்ளேயே வளர்க்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் கதவைச் சாத்திய நேரத்திலிருந்து அந்தக் குட்டி எதைத் தின்கிறது, எதை விழுங்குகிறது என்பது நம் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

ஹதீஸ் சொல்லும் இரண்டு விஷயங்கள்

பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண் வேதனைக்கு உள்ளானதற்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பூனையைக் கட்டி வைத்தாள், உணவு கொடுக்கவில்லை, பூமியில் உள்ள சிறு பிராணிகளைத் தானே பிடித்துத் தின்னட்டும் என்று விடவும் இல்லை. ஆக, ஒரு பிராணியின் வழியை அடைக்கிறவர் அதன் தேவை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறார் என்பது இதன் படிப்பினை. வயிற்றுக்குச் சோறு வைப்பதோடு அந்தத் தேவை முடிந்துவிடுவதில்லை. உயிருக்கு ஆபத்தானது அதன் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்வதும் அதில் சேரும்.

இன்னொரு ஹதீஸ் அபூகதாதா (ரலி) அவர்கள் வீட்டில் நடந்தது. உளூச் செய்ய வைத்த தண்ணீரைக் குடிக்கப் பூனை வந்தபோது, அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் கப்ஷா வியப்போடு பார்த்தார். பூனை நஜீஸ் அல்ல, அது உங்களிடையே சுற்றி வருவது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூகதாதா (ரலி) எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ உள்ளிட்ட நூல்களில் இது இடம்பெற்றுள்ளது. பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுப்பது மிகச் சிறிய செயல். தரையில் கிடக்கும் நூலைக் குனிந்து எடுப்பதும் அப்படித்தான்.

நூல் ஏன் இவ்வளவு ஆபத்து?

பூனைக்குட்டி விழுங்கும் பொருள்களில் மிகவும் அஞ்ச வேண்டியது நீளமான பொருள்: தையல் நூல், ரப்பர் பேண்ட், பூக்கட்டும் நார், ஜரிகை ரிப்பன், மாஞ்சா நூல். பூனையின் நாக்கைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அதில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்திருக்கின்றன. அதனால் நாக்கில் ஒட்டிய நூலைக் குட்டியால் துப்ப முடியாது. துப்ப முயல முயல நூல் உள்ளேதான் போகும்.

நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், அல்லது இரைப்பையின் வாயிலில் சிக்கிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் தன் வேலையைச் செய்ய அசைந்துகொண்டே இருக்கும். பாவாடையில் நாடாவை இழுத்தால் துணி எப்படிச் சுருங்கிக் கொசுவம் கொசுவமாகக் கூடுகிறதோ, அப்படியே குடலும் அந்த நூலின் மேல் ஏறிச் சுருங்கும். இறுகிய நூல் கத்தி போலக் குடல் சுவரை அறுக்கும். ஓட்டை விழுந்தால் குடலில் உள்ளது வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். அதன்பின் பிழைப்பது கடினம்.

கோழி எலும்புத் துண்டு, பேரீச்சங்கொட்டை, பாட்டில் மூடி, பொம்மையின் ரப்பர், காதில் மாட்டும் இயர்போனின் நுனி போன்றவை வேறு விதமாக அடைக்கும். அவை குடலில் ஓரிடத்தில் தக்கை போல நின்றுவிடும். அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து குடல் அழுகத் தொடங்கும். குட்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வயிற்றில் நாக்குப் பூச்சி அதிகமானால் பூச்சிகளே திரண்டு குடலை அடைத்துவிடும். அதனால்தான் குட்டி வீட்டுக்கு வந்த உடனே மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

அடையாளங்கள்

குட்டி ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு மறுபடி ஓடி விளையாடினால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்:

1. திரும்பத் திரும்ப வாந்தி. தண்ணீர் குடித்தாலும் வெளியே வருவது.
2. சாப்பாட்டின் பக்கமே போகாமல் இருப்பது.
3. மலம் போகாதது, அல்லது முக்கி முக்கிக் கொஞ்சம் சளியும் இரத்தமுமாகப் போவது.
4. வயிற்றைத் தொட்டால் கத்துவது, முதுகைக் கூனிக்கொண்டு உட்காருவது.
5. கட்டிலடியிலோ பீரோவின் பின்னாலோ ஒளிந்துகொண்டு வராமல் இருப்பது.
6. எச்சில் ஒழுகுவது, காலால் வாயைத் தேய்ப்பது.
7. வாயிலோ மலத்துவாரத்திலோ நூல் முனை தெரிவது.

பெரிய பூனை சாப்பிடாமல் இரண்டு நாள் தாங்கும் என்று நினைத்துச் சிலர் காத்திருக்கிறார்கள். அதற்கே அது நல்லதல்ல, ஈரல் கெடும். குட்டியின் உடலிலோ சேமிப்பே கிடையாது. ஒருநாள் பட்டினியும் வாந்தியும் சேர்ந்தால் உடல் சில்லிட்டுத் துவண்டுவிடும்.

இங்கே ஒரு மயக்கம் வருவதுண்டு. கடுவன் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று எண்ணிவிடுகிறோம். அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். ஒரு சொட்டுகூடச் சிறுநீர் வரவில்லை என்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலமா சிறுநீரா என்று பிரித்துத் தெரியாதபோது பெரிய ஆபத்தையே மனத்தில் வைத்து உடனே புறப்பட வேண்டும்.

தாயில்லாமல் கிடைத்த, கண் திறந்தும் திறக்காத குட்டிகளின் விஷயம் தனி. ஏறக்குறைய மூன்று வாரம் வரை அவற்றால் தாமாக மலஜலம் கழிக்க முடியாது. தாய்ப்பூனை நக்கித்தான் கழிக்கவைக்கும். தாய் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் நாம் மெதுவாகத் தடவிவிட வேண்டும். பலர் இது தெரியாமல், பால் மட்டும் கொடுத்து வயிறு உப்பிப்போய்க் கொண்டுவருகிறார்கள். பசும்பாலும் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பெட் ஷாப்பில் குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது.

செய்யக் கூடாதவை

நூல் முனை தெரிந்தால் இழுக்கவே கூடாது. இதை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். உள்ளே கொசுவம் கூடியிருக்கும் குடலை ஒரே இழுப்பில் அறுத்துவிடும். வெளியே தொங்குவதை வெட்டவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், லிக்விட் பாரபின் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். திமிறும் குட்டிக்கு ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். அடைபட்ட குடலை எண்ணெய் திறக்கவும் செய்யாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதும் தவறு. மனிதர்களுக்கான எனிமாவில் உள்ள பாஸ்பேட் உப்பு பூனையைக் கொன்றுவிடும். வலிக்குமே என்று குரோசின், டோலோ போன்ற பாரசிட்டமால் மாத்திரையில் கால்வாசி கொடுத்தாலும் குட்டிக்கு விஷம்.

வலியில் இருக்கும் பூனையின் வாயைத் திறந்து பார்க்க முயன்றால் கடித்துவிடும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

பம்மல் சகோதரியின் அனுபவம்

நம் அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒரு சகோதரி, பம்மலில் வீட்டிலேயே பிளவுஸும் புர்காவும் தைத்துக் கொடுப்பவர். அவர் வளர்த்த நான்கு மாதக் குட்டி காலையில் மூன்று முறை வாந்தி எடுத்தது. மதியம் சாப்பிடவில்லை. மாலையில் அதன் பின்புறம் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் தொங்குவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். நாளை பார்க்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். அந்தச் சகோதரிக்குத் தையல் தெரியும். பிரிக்கத் தெரியாத நூலை இழுத்தால் துணி கிழியும் என்பதும் தெரியும். இழுக்க விடாமல், குட்டியைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து அன்றிரவே கொண்டுபோனார். மறுமுனை நாக்கின் அடியில் சுற்றியிருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள், குட்டி பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். குடல் இன்னும் அறுபடவில்லை, இன்னொரு நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னாராம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வை என்ற நபிமொழியை நாம் அடிக்கடி சொல்கிறோம். குட்டியைக் கூடையில் வைத்துப் புறப்படுவதுதான் இங்கே ஒட்டகத்தைக் கட்டுவது. மாலைவரை பார்ப்போம், காலைவரை பார்ப்போம் என்று இருப்பதற்கு சபர் என்று பெயர் வைக்க முடியாது.

மருத்துவரிடம் போகும்போது

மூடியுள்ள கூடையோ, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியோ போதும். உள்ளே ஒரு பழைய துண்டை விரியுங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதையும் ஊட்ட வேண்டாம். எத்தனை மணிக்கு முதல் வாந்தி, எத்தனை முறை, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது மலம் போனது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அதே பொருளில் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் முதலில் நாக்கின் அடியைப் பார்ப்பார், வயிற்றை அழுத்திப் பார்ப்பார். ஊசி, காசு போன்றவை எக்ஸ்ரேயில் தெரியும். நூலும் ரப்பரும் நேரடியாகத் தெரியாது. அதனால் ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம். ஒரு படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வாந்தி நிற்கவில்லை என்றால் மறுபடி போங்கள்.

அருகில் உள்ள கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டலாம். அறுவை வசதி இல்லை என்றால் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மாலை நேர நெரிசலையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நேரத்தை முன்கூட்டியே போனில் கேட்டு, எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். குட்டி துவண்ட பிறகு எண் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பணம் இல்லையே என்றால்

அறுவைச் செலவு பல குடும்பங்களுக்குப் பாரம். ஜகாத்திலிருந்து தரலாமா என்று கேட்கிறார்கள். ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்று குர்ஆன் வரையறுத்துவிட்டது (9:60). அதில் பிராணிகளின் சிகிச்சை இல்லை. குடும்பம் தானே ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக் குடும்பம் என்றால், பணம் அவர்கள் கைக்குப் போய் அவர்களுக்குச் சொந்தமாகும். அதன்பின் எதற்குச் செலவிடுவது என்பது அவர்கள் உரிமை. மற்றபடி பிராணிகளுக்காக உதவ விரும்புவோர் சதகாவாகத் தரலாம். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும், உயிருள்ள எதற்கு உதவினாலும் நற்கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் புகாரியில் படித்திருக்கிறோம்.

நம் முன்னோர் இதை வக்ஃபாகவே செய்திருக்கிறார்கள். எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் (மறைவு 1277) கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்காக விட்டுச் சென்றார். 1836-ல் வெளியான தம் நூலில் ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் இதைக் குறிப்பிடுகிறார். தோட்டம் கைமாறிப் போன பிறகும், காழியின் செலவில் நாள்தோறும் பிற்பகலில் பூனைகளுக்கு உணவு போடப்பட்டது என்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பொறுப்பு கைவிடப்படாமல் வந்திருக்கிறது.

வீட்டைச் சரிசெய்வோம்

தையல் மெஷின்: வேலை முடிந்ததும் நூல்கண்டு, ஊசி, ஆரி வேலைக்கான மணி, சமிக்கி எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வெட்டிய நூலைத் தரையில் விடாமல், பக்கத்திலேயே மூடிபோட்ட ஒரு டப்பா வைத்து அதில் போடுங்கள். ஊசி கோத்த நூல் எல்லாவற்றிலும் மோசமானது.

சமையலறை: பார்சல் சாம்பார், குருமாவில் கட்டிவரும் ரப்பர் பேண்டும் நூலும் உணவு வாசனையோடு இருக்கும். குட்டி அதைத் தேடிப்போய் விழுங்கும். பிரித்த உடனே மூடியுள்ள குப்பைக்கூடையில் போடுங்கள். பிரியாணி எலும்பைப் போடாதீர்கள். வெந்த எலும்பு கூராக உடையும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும் என்பதால் மசாலாவில் வெந்த கறியும் வேண்டாம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கறி போதும்.

அலமாரி, தலைமாட்டு: ஹேர் பேண்ட், பூச்சரம், பெருநாள் ஜரிகைத் தாள், பிள்ளைகளின் பலூன் துண்டு, தஸ்பீஹ் மணி. தஸ்பீஹை முஸல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போகாமல் ஆணியில் மாட்டுங்கள். நாப்தலின் உருண்டை, எலி மருந்து இரண்டும் குட்டி இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தரை: வாந்தியும் மலமும் நஜீஸ் என்பதால் பினாயில் ஊற்றிக் கழுவுவது நம் வழக்கம். பினாயிலும் டெட்டாலும் பூனைக்கு விஷம். ஈரத்தில் நடந்து காலை நக்கினாலே உள்ளே போய்விடும். நஜீஸை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் சுத்தமாகிவிடும். சுத்தத்துக்குத் தண்ணீர்தான் அடிப்படை, பினாயில் நிபந்தனை அல்ல.

மண் தட்டு: ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைச் சிறு குட்டிகள் தின்றால் வயிற்றிலும் கட்டியாகும். மூன்று மாதம் ஆகும்வரை கிழித்த செய்தித்தாள் போதும். தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அந்த வேலையை வீட்டில் வேறொருவருக்கு விடுவது நல்லது.

பால்கனி, மாடி, தெரு: ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடியுங்கள். மாடியில் வந்து விழும் மாஞ்சா நூலைப் பிள்ளைகள் உள்ளே கொண்டுவர விடாதீர்கள். அதற்குச் சென்னையில் தடையே இருக்கிறது. வாஷிங் மெஷினை ஓடவிடும் முன்னும், வண்டியை எடுக்கும் முன்னும் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

விளையாட்டு: எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் குட்டி எதை வைத்து விளையாடும்? கசக்கிய காகிதப் பந்து, டேபிள் டென்னிஸ் பந்து, காலி அட்டைப்பெட்டி போதும். கயிறு ஆட்டி விளையாடுவதானால் நம் கையில் இருக்கும்வரை ஆடலாம். முடிந்ததும் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து பேச

இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இவற்றைப் பேசிப் பாருங்கள்.

1. அந்தப் பெண் செய்த தவறு எத்தனை பகுதிகள்? அவற்றில் எது நம் வீட்டில் நடக்க வாய்ப்பு அதிகம்?
2. குட்டியின் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து பார்த்தால், நம் வீட்டில் நூல், ரப்பர், மணி எத்தனை கண்ணில் படுகின்றன? பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும்.
3. இன்றிரவு குட்டி வாந்தி எடுத்தால் யார் கூட்டிப்போவார், எங்கே, எந்த வண்டியில்?
4. செலவுக்காக மாதந்தோறும் ஓர் உண்டியலில் எவ்வளவு போட முடியும்?

உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவற்றைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழி. வாய் பேசாத ஒரு ஜீவன் நம் பொறுப்பில் இருக்கும்போது, அதன் சார்பில் கேட்பவன் அல்லாஹ்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களாக நம் அனைவரையும் ஆக்கி, நம் வீடுகளில் உள்ள எல்லா உயிர்கள் மீதும் அவன் ரஹ்மத்தைப் பொழிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்